சாயல்குடி தாண்டி மூன்று நொடி: பண்ணைக்காட்டிலிருந்து கடலுக்கு இரண்டு பயணங்கள்

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.20. சாயல்குடியைத் தாண்டி வேம்பார் போகிற வழியில் எங்கள் வேன் தார் ரோட்டை விட்டு இடப்பக்கம் இறங்கியது. ரோட்டின் குறுக்கே வெள்ளாட்டு மந்தை வந்துகொண்டிருந்ததை டிரைவர் தம்பி பார்க்கவில்லை. முன் சீட்டில் இருந்த மாமா "டேய்!" என்று போட்ட சத்தத்தில்தான் முழித்து ஸ்டியரிங்கை ஒடித்தான். சக்கரங்கள் மணலில் இறங்கி, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், ஒரு பனைமரத்துக்கு நாலு முழம் முன்னால் வண்டி நின்றது. உள்ளே டிரைவரோடு 12 பேர். அப்பத்தாவின் மூக்குக் கண்ணாடி உடைந்து புருவத்துக்கு மேலே கீறியிருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

"கண்ணு அசந்துருச்சுண்ணே" என்றான் தம்பி. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நொடிதான் அசந்திருப்பான். ஆனால் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 19 மீட்டர் ஓடும். மூன்று நொடிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 58 மீட்டர், ஓட்டுகிற ஆளே இல்லாமல் ஓடியிருக்கிறது. அந்த 58 மீட்டருக்கு யார் காரணம் என்று அன்று ராத்திரியே யோசிக்க ஆரம்பித்தேன். தம்பியின் பெயரை அந்த இடத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பயணத் திட்டத்தைப் போட்டது நான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்து மாதம் கழித்து அதே ரோட்டில் அதே ஆட்களோடு போன பயணத்தின் நோட்டும் இருக்கிறது. மலையிலிருந்து கடல் பார்க்கக் கிளம்புகிற குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆட்களும் ஆசையும்

பழனி மலையில் கொடைக்கானலுக்குக் கீழே, காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற ஊர் பண்ணைக்காடு. எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு வயது 78. அவர் கடலைப் பார்த்ததே இல்லை. பழனி படி ஏறியிருக்கிறார், பூம்பாறை குழந்தை வேலப்பருக்குப் போயிருக்கிறார், தாண்டிக்குடி முருகனை வருஷம் தவறாமல் கும்பிடுகிறார். "மலையில நிக்கிற முருகனையே எத்தனை தடவை பாக்குறது, அலைக்கரையில நிக்கிறவனை ஒரு தடவை காட்டுய்யா" என்று கேட்டார். ஆறுபடை வீடுகளில் கடலோரம் இருப்பது திருச்செந்தூர் ஒன்றுதான். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அப்பத்தா, அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் 2 பேர், மாமா, அத்தை, அவர்கள் மகன், நான். 11 பேருக்கு ஒரு டெம்போ டிராவலர். டிரைவர் எங்கள் ஊர்த் தம்பி. பதினெட்டு வயதிலிருந்து மலை ரோட்டிலேயே ஓட்டிப் பழகியவன், பனியில் பத்தடிகூடத் தெரியாத நாளிலும் பெருமாள்மலை வரை பதறாமல் ஏற்றுவான். அவனைவிட நல்ல டிரைவர் கிடைக்க மாட்டார் என்று நாங்கள் நம்பினோம். இப்போதும் நம்புகிறேன்.

முதல் நோட்டு

பிள்ளைகளுக்கு லீவு என்பதால் மே மாதம் என்று முடிவானது. தேதி குறிக்கும்போது யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. மே 4 கத்திரி தொடங்குகிற நாள். போர்வை இல்லாமல் தூங்கியறியாத ஆட்களை அக்கினி நட்சத்திரத்தின் முதல் நாளில் கீழே இறக்கினேன்.

நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்: சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்கு ராமேஸ்வரம். 22 தீர்த்தம் ஆடி, தரிசனம் முடித்து, 3 மணிக்கு தனுஷ்கோடி, சூரியன் மறையும்வரை அங்கே. ஞாயிறு காலை கிளம்பி ஏர்வாடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாக இரவு கன்னியாகுமரி. திங்கள் காலை சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, பிறகு பக்கத்தில் ஒரு அமைதியான கடற்கரையில் குளியல், அன்றே கிளம்பி நள்ளிரவில் வீடு.

மொத்தம் 14 நிறுத்தங்கள். போனில் மேப் காட்டிய நேரங்களைக் கூட்டிப் போட்டேன். அந்த நேரம் எங்கேயும் நிற்காத, யாரும் வாந்தி எடுக்காத, யாருக்கும் ஒன்றுக்கு வராத வண்டிக்கானது என்பது எனக்கு உறைக்கவில்லை. 14 நிறுத்தத்தில் ஒன்றுகூடக் கழிப்பறைக்காக எழுதியதில்லை. ஒன்றுகூடத் தூக்கத்துக்காக எழுதியதில்லை.

மே 4

ஊத்து வந்து மெயின் ரோட்டைப் பிடித்ததுமே பிள்ளைகளுக்குக் குமட்டல் ஆரம்பித்தது. டம்டம் பாறையில் ஒரு தடவை, அதற்குக் கீழே இரண்டு தடவை நிறுத்தினோம். இறங்க இறங்க அப்பத்தாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. வத்தலக்குண்டில் டிபன் முடிக்கும்போதே எட்டு மணி. மதுரை ரிங் ரோட்டுக்கு வரும்போது வெயில் கண்ணாடியில் அடித்தது, ஏசி பின் சீட்டு வரைக்கும் எட்டவில்லை.

ராமேஸ்வரத்துக்குப் பகல் 1.15க்குப் போய்ச் சேர்ந்தோம். கோயில் நடை 1 மணிக்கே சாத்திவிட்டார்கள், இனி 3 மணிக்குத்தான். இரண்டு மணி நேரம், 12 பேர், நிழல் இல்லாத தெரு. அங்கே நான் செய்திருக்க வேண்டியது, தீர்த்தத்தை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு நேரே தனுஷ்கோடி போயிருப்பது. நோட்டில் எழுதிய வரிசையை மாற்ற மனசு வரவில்லை. காத்திருந்து, தீர்த்தமாடி, அந்தப் பெரிய பிரகாரத்தைச் சுற்றி வெளியே வரும்போது ஐந்தரை. தனுஷ்கோடிப் பாதையில் 6.10க்குப் போய் நின்றால் செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் உள்ளே வண்டி விடுவதில்லை. அது ஒளித்து வைத்த விஷயமில்லை, ராமேஸ்வரத்தில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

"பரவாயில்ல, விடிகாலை வந்துருவோம்" என்று நானே சொன்னேன். அந்த வார்த்தைதான் மறுநாளைய மூன்று நொடிக்கு முதல் படி.

லாட்ஜில் மூன்று அறை. எல்லாருக்கும் கட்டில் இருந்தது, டிரைவருக்கு இல்லை. தனியாக டிரைவர் அறை கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை, அவர்கள் கொடுப்பதாகச் சொல்லவும் இல்லை. தம்பி வண்டியிலேயே படுத்தான். மே மாதத்து ராமேஸ்வரத்தில், கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. நாலு மணிக்கு நான் போய் எழுப்பியபோது அவன் தூங்கிக்கொண்டு இல்லை, உட்கார்ந்திருந்தான். முதல் நாள் கிளம்ப வேண்டுமென்று அதற்கு முந்தைய இரவும் நாலு மணி நேரம்தான் படுத்திருக்கிறான். இதை அவன் என்னிடம் சொன்னது விபத்துக்குப் பிறகு.

மே 5

தனுஷ்கோடி எங்களை ஏமாற்றவில்லை. இடப்பக்கம் பாக் நீரிணை, ஊர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். நடுவில் ஒரே ஒரு ரோடு, 2017இல்தான் அரிச்சல்முனை வரை போட்டுத் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் போன ஊரின் மிச்சமாக மாதா கோயில் சுவர் நிற்கிறது. அன்றைக்கு ஆண்கடல் பக்கம் அலை கற்களின் மேலே ஏறி அடித்தது. தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று போலீஸார் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். காற்றே இல்லாமல் ஏன் இப்படி அலை என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பத்து மணிக்கு ராமேஸ்வரத்தை விட்டோம். ஏர்வாடியில் அரை மணி. சாயல்குடியில் 1.15க்கு வயிறு முட்டச் சாப்பாடு. அதற்கு அப்புறம் வந்த ரோட்டைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்காரர்களுக்கு இந்த ரோட்டின் ஆபத்து தெரியாது.

நேர்கோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஊடே பனை, எங்காவது கரிமூட்டம் போட்ட புகை. கண்ணுக்கு எட்டிய தூரம் வளைவே கிடையாது. தார் மேலே வெயில் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. மலை ரோட்டில் டிரைவருக்கு நிமிஷத்துக்கு ஏழெட்டு வேலை: கியர் மாற்ற வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்க வேண்டும், கொண்டை ஊசியில் பின் சக்கரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வேலைதான் அவனை முழித்திருக்க வைக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு டாப் கியரில் போட்டு ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்திருக்கிற ஒரு மணி நேரம் தாலாட்டு மாதிரி. அதோடு பகல் 2 மணியிலிருந்து 4 மணிவரை மனித உடம்பு தானாகவே சோர்கிற நேரம். விடிகாலை 2 மணியிலிருந்து 6 மணிவரைக்கு அடுத்தபடியாக ஓட்டுநர்கள் கண் அசருவது இந்த நேரத்தில்தான். இரண்டு ராத்திரி தூக்கம் கெட்ட ஒருவனை, சாப்பிட்டவுடன், அந்த நேரத்தில், அந்த ரோட்டில், ஏசியை முழுசாக வைத்து, பின்னால் எல்லாரும் தூங்க உட்கார வைத்திருக்கிறேன்.

மணலில் புதைந்த வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் பனையோலைக் கொட்டகையில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து எடுத்துவிட்டார்கள். முதலில் கையால் மணலை வாரினார்கள். பிறகு பனை மட்டைகளை வரிசையாகச் சக்கரத்துக்கு அடியில் செருகி, தாம்புக்கயிறு கட்டி, ஏழு பேர் இழுத்தார்கள். ஆட்டுக்காரரும் கூட நின்று இழுத்தார். அந்தக் கடைக்காரர் அப்பத்தாவை நிழலில் உட்கார வைத்து, புருவத்து ரத்தத்தை அவரே துண்டால் ஒற்றி எடுத்தார். "ஆத்தா, இதைக் குடிங்க, படபடப்பு அடங்கும்" என்று பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டதும், "நேர் ரோடு தூக்கத்தைக் கொண்டாந்துரும், நாங்களே இந்த நேரத்துல வண்டி எடுக்க மாட்டோம்" என்றார். எனக்கு அதற்கு முன் ஒருவரும் சொல்லாத செய்தி அது.

அன்று தூத்துக்குடியோடு நிறுத்திக்கொண்டோம். தம்பிக்கு ஒரு அறை எடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவன் மறுநாள் எட்டு மணிக்குத்தான் எழுந்தான்.

மே 6

திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் அப்பத்தாவே "போதும்யா, வீட்டுக்குப் போவோம்" என்றுவிட்டார். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குத் திரும்பினோம். வழியில் ஒரு ஓட்டலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அன்று காலை அலை இழுத்துப் பயிற்சி மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்துவிட்டார்கள் என்று செய்தி. மாமா மகன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். என் திட்டப்படி எல்லாம் நடந்திருந்தால் அன்று காலை நாங்கள் குமரியில் இருந்திருப்போம். "பக்கத்தில் ஒரு அமைதியான கடற்கரையில் குளியல்" என்று எழுதியது நான்தான்.

கள்ளக்கடல் என்ற சொல்லை அன்றுதான் கேள்விப்பட்டோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசும் புயல்காற்று எழுப்புகிற நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் திருட்டுத்தனமாக ஏறும், அதனால்தான் மீனவர்கள் அதற்கு இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடியில் அப்பா கேட்ட கேள்விக்கும் பதில் அதுதான். ஹைதராபாத்தில் இருக்கிற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கிளம்புமுன் நான் பார்த்தது ஓட்டல்களின் மதிப்பெண்களை.

எங்கே தவறியது

பின்னாலிருந்து முன்னால் போனால் தெளிவாகத் தெரிகிறது. தம்பி அசந்தது தூக்கம் இல்லாததால். தூக்கம் இல்லாமல் போனது கட்டில் இல்லாததாலும் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பியதாலும். எழுப்பியது, முதல் நாள் தனுஷ்கோடி தவறிப்போனதால். அது தவறியது கோயில் நடைக்காகக் காத்திருந்ததால். காத்திருந்தது தாமதமாகப் போனதால். தாமதம், மலை இறங்குவதற்கு நான் ஒதுக்கிய நேரம் பாதிகூட இல்லாததால். ஒவ்வொரு கண்ணியிலும் தப்பிக்க ஒரு வாசல் இருந்தது. தனுஷ்கோடியை விட்டுவிட்டு ஏழு மணிவரை எல்லாரையும் தூங்க விட்டிருந்தால்கூடப் போதும். 14 இடத்தில் ஒன்று குறைந்துவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில் ஒவ்வொரு வாசலையும் நானே சாத்தினேன்.

இன்னொன்று வெளியே தெரியாமல் நடந்தது. வீடு வந்து இரண்டு நாள் கழித்து அண்ணி சொன்னார்: "ரெண்டு நாளும் நாங்க பொம்பளைங்க தண்ணியே குடிக்கல." ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து, 40 டிகிரி வெயிலில் தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணியின் தலைவலி, அம்மாவின் கால் பிடிப்பு எல்லாம் அதனால்தான். விபத்தைவிட இது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது, ஏனென்றால் விபத்து மூன்று நொடி, இது இரண்டு நாள் முழுக்க என் கண் முன்னாலேயே நடந்தது.

மீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் நல்ல மீன் சாப்பிடலாம் என்று மாமா ஆசையாக வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வந்தது, விலை கேட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது நோட்டு

அடுத்த திட்டத்தை நான் தனியாகப் போடவில்லை. தம்பியையும் அண்ணியையும் உட்கார வைத்துக்கொண்டு போட்டேன்.

முதலில் மாதம். ஆனி, ஆடியில் ராமநாதபுரம் கரையில் காற்று மணலை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் மலை ரோட்டிலேயே மண் சரியும். டிசம்பரும் வேண்டாம் என்றோம்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரையே மூழ்கியது நினைவில் இருந்தது, தவிர டிசம்பர், ஜனவரியில் எங்களுக்குக் காப்பிப் பழம் எடுக்கிற வேலை. பொங்கல்வரை கடற்கரைக் கோயில்களில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். தைப்பூசத்துக்கு ரோடெங்கும் பழனி பாதயாத்திரை. 2025 தைப்பூசம் பிப்ரவரி 11. மார்ச் தொடக்கத்தில் திருச்செந்தூரில் மாசித் திருவிழா. நடுவில் கிடைத்த சந்து பிப்ரவரி 21 முதல் 25 வரை. பிள்ளைகள் மூன்று நாள் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருந்தது. போடட்டும் என்றார் அண்ணி.

அடுத்து அறை. நாலு ராத்திரிக்கு இரண்டே ஊர்: ராமநாதபுரத்தில் இரண்டு, தூத்துக்குடியில் இரண்டு. தினமும் மூட்டை கட்டி அவிழ்ப்பதில் போகிற நேரமும் சிடுசிடுப்பும் இதில் மிச்சம். போன் போட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி டிரைவருக்குத் தனிக் கட்டில் உண்டா என்பது. "டார்மெட்டரி இருக்கு" என்றவர்களிடம் ஃபேன் இருக்கிறதா, கொசுவலை இருக்கிறதா என்றும் கேட்டேன். இரண்டு இடம் தள்ளி மூன்றாவது இடத்தில் கிடைத்தது.

பகல் 1 மணியிலிருந்து 4 மணிவரை வண்டி ஓடாது என்று தம்பி சொன்னான், அப்படியே எழுதினேன். எங்கே இருந்தாலும் அந்த நேரம் அறைக்குள். மாமா மகனுக்கும் லைசென்ஸ் இருந்ததால் சமவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுவது என்றும் முடிவு.

கழிப்பறைகளை அண்ணி எழுதினார். பெரிய பெட்ரோல் பங்க், கோயில் கட்டணக் கழிப்பறை, சுத்தமான ஓட்டல் என்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் அவை குறைவு, அதனால் அந்தத் தூரத்தை விடிகாலையில், வெயில் ஏறுமுன் கடப்பது என்று அவரே வைத்தார். பார்க்க வேண்டிய இடங்கள் அந்த வரிசைக்குள் எங்கே பொருந்துகிறதோ அங்கே பொருந்தின, பொருந்தாதவை விழுந்தன. ஏர்வாடி விழுந்தது, உவரி விழுந்தது. கடைசியில் கன்னியாகுமரியே விழுந்தது. அதற்கு மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"குமரி பாக்காம அது என்ன கடல் பயணம், மாப்ள?"

குமரிக்குப் போனால் திரும்புகிற நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு இருட்டில் மலை ஏற வேண்டும். ராத்திரியில் எங்கள் ரோட்டில் வளைவுக்கு வளைவு காட்டுமாடு நிற்கும், பனி இறங்கினால் லைட் வெளிச்சமே திரும்பிக் கண்ணில் அடிக்கும். வெளியூர் ரோட்டில் களைத்துப்போன ஒருவனை அந்த நேரத்தில் மலை ஏற்றச் சொல்ல நான் தயாராக இல்லை. குமரி அதற்கென்றே தனியாக ஒரு தடவை.

2025 பிப்ரவரி

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, வயிற்றுக்குக் கொஞ்சம் இட்லி போட்டுவிட்டுக் கிளம்பினோம். வெறும் வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். பிள்ளைகளை முன் வரிசையில் ரோட்டைப் பார்க்க உட்கார வைத்தோம். அப்பத்தாவுக்குப் புளிப்பு மிட்டாய், இறங்குகிறவரை எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் தம்பி இறக்கினான், பிரேக் சூடேறவில்லை. காட் ரோடு வரைக்கும் ஒரே ஒரு வாந்தி. மதிய வெயிலை மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கழித்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பி ராமநாதபுரம்.

சனி விடிகாலை பாம்பன். 1988இல் திறந்த ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். எல்லாரும் அதன் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு வழியே இல்லாமல் போகிறது. நாங்கள் நிறுத்தாமல் கடந்து, இறங்கி, கரையிலிருந்து பார்த்தோம். 1914இன் பழைய ரயில் பாலமும், அதன் பக்கத்தில் நடுத்துண்டு செங்குத்தாக மேலே எழும்புகிற புதிய பாலமும் அடுத்தடுத்து நின்றன. புதியதை எங்கள் பயணத்துக்கு ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். தனுஷ்கோடியில் எட்டு மணிக்கு ஆண்கடலும் சாதுவாக இருந்தது. முந்தின ராத்திரியே கடல் எச்சரிக்கை பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. அப்படியும் முழங்காலுக்கு மேல் யாரையும் இறங்க விடவில்லை, நீரோட்டம் அங்கே பொல்லாதது. திரும்பும்போது பங்கில் நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவினான் தம்பி. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும்.

ராமேஸ்வரம் கோயிலில் என் கணக்கு மறுபடியும் தப்பியது. சனிக்கிழமைக் கூட்டம், ஒரு மணி நேரம் என்று எழுதியது இரண்டரை ஆனது. ஆனால் அந்த நாளில் அதற்குப் பிறகு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, அதனால் எதுவும் சாயவில்லை.

ஞாயிறு ஆறு மணிக்குக் கிளம்பி, சாயல்குடியை ஏழரைக்குத் தாண்டினோம். அந்த இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே தம்பி வேகத்தைக் குறைத்தான். கொட்டகை இருந்தது. நுங்குக் காலம் இன்னும் வரவில்லை, கடைக்காரர் டீ மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "ஆத்தா, கண்ணாடி மாத்தியாச்சா?" என்று கேட்டார். எங்கள் தோட்டத்துக் காப்பித்தூள் இரண்டு கிலோ கொண்டுபோயிருந்தோம். தம்பிதான் இறங்கிப் போய்க் கொடுத்தான். அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான், நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

பத்து மணிக்குத் தூத்துக்குடி. மதியம் மாமாவுக்குச் சீலா மீன் குழம்பு. நாலு மணிக்கு மேல் பனிமய மாதா கோயில், பிறகு உப்பளம். பிப்ரவரியில் பாத்திகளை மிதித்துச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். வெட்டவெளி வெயிலில் வேலை செய்கிறவர்களைப் பார்த்து அம்மா, "நம்ம காப்பிக்காட்டுல நிழலாச்சும் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமையைத் திருச்செந்தூருக்கு வைத்தது வேண்டுமென்றே. சனி, ஞாயிறில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். ஆறு மணிக்கு உள்ளே போய் ஏழேகாலுக்கு வெளியே வந்தோம். பன்னீர் இலையில் விபூதி. கடல் அரிப்பில் கரை மேடு வெட்டுப்பட்டிருந்ததால் அப்பத்தாவை நான்கு பேர் பிடித்துத்தான் அலை வரை இறக்க வேண்டியிருந்தது. தண்ணீர் காலைத் தொட்டதும் அவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஒன்றும் பேசவில்லை.

மணப்பாட்டுக்கு ஒன்பது மணி. மணல் மேட்டின் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், அதன் கீழே குகை, 1542இல் பிரான்சிஸ் சேவியர் தங்கிய இடம் என்பார்கள். நோட்டில் ஒரு மணி நேரம், பிறகு உடன்குடியில் கருப்பட்டி, பிறகு தேரிக்காடு என்று இருந்தது. மேட்டில் ஏற முடியாமல் அப்பத்தா கீழேயே, கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மேலே போய்விட்டு வந்து பார்த்தால், வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரோடு பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு மீனாக எடுத்துக் காட்டிப் பெயர் சொல்கிறார், அப்பத்தா திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். சாளை, வாளை, ஊளி. அப்பத்தா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துப் பண்ணைக்காட்டு மிளகை ஒரு கை அள்ளி அவர் முந்தானையில் போட்டார். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "ஏயம்மா, இது என்ன காரம்!" என்று சிரித்து, ஓலைப்பெட்டியிலிருந்து நெத்திலிக் கருவாட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

மணி பத்தேமுக்கால். தம்பி என்னைப் பார்த்தான். நான் நோட்டை எடுத்து உடன்குடியையும் தேரிக்காட்டையும் அடித்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு அப்பத்தாவே எழுந்து வந்தார். கருப்பட்டியைச் சாயங்காலம் தூத்துக்குடியில் வாங்கிக்கொண்டோம்.